யாரும் தொடாத ஐந்து வெள்ளி

மூன்றாவது கிண்ணம் வட்டிலப்பம் உள்ளே போன பிறகு ஒரு மனிதர் பேசுகிற எதையும் ஊர் பெரியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்திருந்தால் மதார் சாகிப் தப்பித்திருப்பார். காரைக்காலில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருமலைராயன்பட்டினத்தில், மகன் அஜ்மீருக்குப் பேசிய பெண் வீட்டில், பதினான்கு பேர் முன்னிலையில் தன் பழங்காசு ஆல்பத்தைக் காட்டி முடித்துவிட்டு, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"மஹர் இவ்வளவுன்னு நாங்க சொல்ல மாட்டோம். பொண்ணு கேக்கட்டும். எது கேட்டாலும் குடுக்கிறேன்."

மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரவேண்டிய மஹர் என்ன என்று கேட்கிற உரிமை பெண்ணுக்குத்தான். அதனால் எல்லா மாப்பிள்ளை வீட்டாரும் மரியாதைக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்வார்கள். பெண் வீட்டாரும் மரியாதைக்கு "உங்க இஷ்டம்" என்பார்கள். பிறகு எல்லோரும் பிரியாணிக்கு எழுந்துவிடுவார்கள். அந்த நம்பிக்கையில் மதார் சாகிப்பின் மனைவி ஆஸியா பீவி கடையில் ஒரு சங்கிலியைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்.

பெண் ஜன்னத்துல் பிர்தௌஸ் மட்டும் இரண்டு நாள் யோசித்துவிட்டு நிஜமாகவே கேட்டுவிட்டாள்.

"அஞ்சு சைகோன் வெள்ளிக்காசு வேணுமாம் சம்பந்தி. அன்னைக்குக் காட்டினீங்களே, அந்த மாதிரி" என்று செவ்வாய்க்கிழமை போனில் சொன்னார் பெண்ணின் தகப்பனார் சஃபியுல்லா. "நகையே வேணாங்குது. சின்னப் புள்ளை, விளையாட்டுப் புத்தி. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. புதன்கிழமை ராத்திரிக்குள்ள ஜமாஅத்துல எழுதிக் குடுத்துடணும்."

மதார் சாகிப் போனைக் கீழே வைத்தவர் வைத்தவர்தான். அன்று அவர் சாப்பிடவில்லை.

விடிந்தால் புதன்.

காலை எட்டு மணிக்கு அவர் பருத்திக் கையுறை இரண்டையும் மாட்டிக்கொண்டு பீரோவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆல்பம். ஆல்பத்தில் ஐந்து காசு. ஒவ்வொன்றிலும் தலையில் கதிர் முளைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, கால் நீட்டி, ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தாள். பிரெஞ்சுக்காரன் சைகோனில் புழங்குவதற்காக அடித்த பியாஸ்தர். இந்த ஊர் மரைக்காயர்கள் ஒரு காலத்தில் கப்பலில் போய்ச் சம்பாதித்துக் கொண்டுவந்த காசு.

காரைக்காலில் பழைய வீட்டைத் தோண்டினால் பியாஸ்தர் கிடைக்கும். ஆனால் எல்லாம் தேய்ந்தது, ஓட்டை போட்டது, இடுப்புக்கொடியில் கோத்தது. இந்த ஐந்தும் அப்படியல்ல. அச்சடித்த நாளிலிருந்து யார் மடியிலும் ஏறாத, எந்தக் கல்லாவிலும் விழாத காசு. அன்சர்குலேட்டட். அந்த வார்த்தையை மதார் சாகிப் பேரப்பிள்ளை பெயரைச் சொல்வது போலச் சொல்வார்.

சேகரிப்பை ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்த ஒரு வருஷத்தில் அந்த அறையில் வந்த மாறுதல்கள் கொஞ்சநஞ்சமல்ல. உப்புக்காற்று வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்று கிழக்கு ஜன்னலுக்கு நிரந்தரமாகத் தாழ்ப்பாள். பூச்சி உருண்டைக்குத் தடை. தெருவில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் மதார் சாகிப்புக்கு வந்துவிட வேண்டும். தெருவும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தது.

"அந்த மேடத்தைப் பாத்தது போதும், டீ ஆறுது" என்றார் ஆஸியா பீவி வாசற்படியில் நின்று. உள்ளே வந்தால் மூச்சுக்காற்று படும் என்று அவருக்கும் தடை.

"ஆஸியா, மஹர் குடுக்க வேண்டியது மாப்பிள்ளைதானே? காசு என்னோடதுல்ல? சட்டப்படி பாத்தா..."

"நெஞ்சைத் தட்டினது யாரு? மாப்பிள்ளையா, நீங்களா?"

"மாப்பிள்ளை ஷார்ஜாவுல இருக்கான்."

"அப்ப நீங்கதான்."

மதார் சாகிப் டீயை எடுத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்த ஆஸியா பீவிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பாவம்தான். குவைத்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர்கீப்பர். தங்கைகள் நிக்காஹ், வீடு, அஜ்மீர் படிப்பு, வாப்பாவின் ஆபரேஷன். அவர் வாங்கிய ஒவ்வொரு பொருளும் வேறு யாருக்கோ வாங்கியது. கைக்கடிகாரம்கூட மச்சான் கேட்டு அவிழ்த்துக் கொடுத்ததுதான். அறுபத்திரண்டு வயதில், முதல்முறையாக, தனக்கென்று, ஒன்றுக்கும் உதவாத ஒரு பொருளை வாங்கினார். அதையும் கேட்டுவிட்டாள் ஒரு பெண்.

பத்து மணிக்கு அம்பகரத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார் தெட்சிணாமூர்த்தி. தபாலாபீசில் ரிட்டையர் ஆனவர். மதார் சாகிப்புக்கு இந்த வியாதியைப் பிடிக்க வைத்தவர் அவர்தான். கையில் ஒரு பழைய பிஸ்கட் டின்.

"பாய், போன்ல கேட்டதும் நான் நம்பவே இல்ல. அஞ்சையுமா?"

"அஞ்சையும்."

"சரி, பதட்டப்படாதீங்க. சம்பந்தி என்ன சொன்னாரு? அட்சரம் பிசகாம சொல்லுங்க."

"அன்னைக்குக் காட்டினீங்களே, அந்த மாதிரின்னாரு."

தெட்சிணாமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "அந்த மாதிரிதானே? அதையேன்னு சொல்லலியே?"

டின்னைத் திறந்தார். உள்ளே ஐந்து பியாஸ்தர். அதே வருஷங்கள், அதே பெண்மணி. ஊர் ஊராய்ப் புழங்கி வந்தவை. நேற்று சாயங்காலம் அவர் அவற்றை என்ன செய்தாரோ, பளபளவென்று இருந்தன.

"நம்மட்ட டபுளா கெடந்தது. எடைக்கு எடை வெள்ளி. தெரியாதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மதார் சாகிப் ஒரு காசை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். புழங்காத காசைச் சாய்த்தால் வெளிச்சம் சக்கரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி வரும். இதில் வெளிச்சம் மொட்டையாக அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மஹர் விஷயம் மூர்த்தி சார். ஏமாத்துன பாவம் வேற..."

"என்ன ஏமாத்து? கேட்டது சைகோன் காசு. இது சைகோன் காசு. நான் பொய்யா சொல்றேன்?"

இதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆஸியா பீவி வெளியே வந்தார். புர்காவை மாட்டிக்கொண்டார்.

"நீ எங்க கெளம்புற?" என்றார் மதார் சாகிப்.

"பட்டினத்துக்குத்தான். இதை நீங்க எப்படிக் குடுக்கிறீங்கன்னு நான் பாக்கணும்."

ஆட்டோ அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனது. தெட்சிணாமூர்த்தி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு டின்னை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். மதார் சாகிப் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். துஆ ஓதுகிறாரா, பேச்சுக்கு ஒத்திகை பார்க்கிறாரா என்று ஆஸியா பீவிக்குப் புரியவில்லை.

சஃபியுல்லா வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. மறுபடியும் வட்டிலப்பம் வந்தது. மதார் சாகிப் அதைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்தவர் போலப் பின்வாங்கி, சர்க்கரை என்று சொல்லிவிட்டார்.

ஜன்னத்துல் பிர்தௌஸ் மதிய இடைவேளைக்கு வந்திருந்தாள். காரைக்காலில் ஒரு தனியார் வங்கியில் வேலை, நகைக்கடன் கவுண்டரில். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. வருங்கால மாமனார் முன்னால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற வழக்கமெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தாலும் அதற்கு நேரமில்லை. ஒன்றே முக்காலுக்கு அவள் கவுண்டரில் இருந்தாக வேண்டும்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. மாமி, வாங்க, உக்காருங்க."

மதார் சாகிப் தொண்டையைக் கனைத்தார். "நீ கேட்ட மாதிரியே கொண்டாந்திருக்கேன் மா. பாத்துக்க."

தெட்சிணாமூர்த்தி டின்னைத் திறந்து நீட்டினார். அவள் எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தாள்.

லென்ஸைப் பார்த்ததும் தெட்சிணாமூர்த்தி மெல்ல எழுந்து, கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

"மாமா" என்றாள் அவள், முதல் காசைப் பார்த்தபடி. "இந்தம்மாவுக்கு முட்டி தேஞ்சிருக்கே."

லென்ஸ் அடுத்த காசுக்கு நகர்ந்தது.

"இவங்களுக்கும் முட்டி இல்ல. இதுல முட்டியும் போச்சு, மூக்கும் போச்சு. அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? புழங்கின காசுல மொதல்ல தேயிறது இந்தம்மா முட்டிதான்னு."

சொன்னார்தான். இரண்டு மணி நேரம் சொன்னார். கூடத்திலிருந்த பதினான்கு பேரும் கொட்டாவி விட்டபோது உள்ளறையில் ஒருத்தி காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"என் முட்டி தேஞ்சு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார் ஆஸியா பீவி. "அதுக்கு ஒரு லென்ஸ் எடுத்துப் பாத்ததில்ல இந்த மனுஷன்."

சஃபியுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதார் சாகிப்புக்கு வியர்த்தது. சம்பந்தி வீட்டில், முதல் வாரத்திலேயே, கையும் களவுமாக. இந்த நிக்காஹ் இத்தோடு முறிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது. அவர் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்க மா. தப்புதான். என்னால அந்த அஞ்சையும் பிரிய முடியல. அதான் நெசம். வேற என்ன வேணா கேளு. பத்து பவுன் கேளு, கடன ஒடன வாங்கியாவது போடறேன்."

அவர் கைக்குட்டையைத் தேடினார். ஒரு காசுக்காக அழுகிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஜன்னத்துல் பிர்தௌஸ் லென்ஸைக் கீழே வைத்தாள்.

"எனக்குப் பவுன் வேணாம் மாமா."

"ஏம்மா வேணாம்?" என்று கேட்டது ஆஸியா பீவி. "பொண்ணாப் பொறந்தவ பவுன் வேணாம்னா நான் இப்பதான் கேக்குறேன்."

"மாமி, நான் நாலு வருஷமா அந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கேன். ஒரு நாளைக்கு இருபது பேரு வர்றாங்க. கழுத்துல கைல இருக்கிறத எல்லாம் கழட்டி என் முன்னால வைக்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில். வீட்டுக்காரருக்கு விசா. என் கூடப் பொறந்த ராத்தா நகையும் என் கவுண்டர்லதான் வச்சாங்க, நான்தான் எடை போட்டேன். மஹர் சங்கிலியும் அதுல இருந்துச்சு. மூணு வருஷமாச்சு, இன்னும் திருப்பல."

சஃபியுல்லா தலையைக் குனிந்துகொண்டார்.

"பவுன் வீட்டுக்கு வந்தா, அதை அடகு வைக்கிறதுக்கு ஒரு காரணம் அதுக்கு முன்னாலயே வந்து உக்காந்திருக்கும். தப்புன்னு சொல்லல. ஆனா மஹர் எனக்குன்னு உள்ளது. அது என்கிட்ட இருக்கணும்."

"அதுக்கு இந்தக் காசு எதுக்கு?" என்றார் மதார் சாகிப்.

"இதை எந்த வங்கியிலயும் வைக்க முடியாது மாமா. உருக்கிற விலைக்குத்தான் கேப்பான். அருமை தெரிஞ்சவங்களுக்குத்தான் அது மதிப்பு." அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். "அதோட, உங்க வீட்டுல யாரும் கை வைக்க முடியாத பொருள் அது ஒண்ணுதான். உங்க மகனே தொட்டாலும் நீங்க விட மாட்டீங்க. அன்னைக்கு நீங்க பேசினதைக் கேட்டப்ப எனக்கு அதான் தோணுச்சு. இப்படிக் காபந்து பண்ற ஒருத்தர் கிட்ட என் மஹர் இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்."

மதார் சாகிப் மெல்ல உட்கார்ந்தார். "என்கிட்டயா? என் பீரோவுலயா?"

"அங்கேயே இருக்கட்டும். நான் அதை எங்க கொண்டுபோய் வைக்கப் போறேன்? சாவி மட்டும் என்கிட்ட. பாக்கணும்னா கேளுங்க, தெறந்து தர்றேன். கையுறை நானும் போட்டுக்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். கை தானாக இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. ஒரு வருஷமாக அந்தச் சாவி அவர் பெல்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இனி தன் காசைப் பார்க்க மருமகளிடம் கேட்டு நிற்க வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தார்.

"அந்த அஞ்சும் உனக்குத்தான் மா" என்று ஆஸியா பீவி சொல்லிவிட்டார்.

ஆட்டோ ஏறும்வரை மதார் சாகிப் அடக்கிக்கொண்டிருந்தார். ஏறியதும் ஆரம்பித்தார்.

"அது என் காசு. நீ எப்படிச் சொல்லலாம்?"

"என் எட்டு வளையல் எங்க?" என்றார் ஆஸியா பீவி. கோபமாகக் கேட்கவில்லை. ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கடைக்குப் போய்விட்டு வந்தவரிடம் மல்லித்தழை எங்கே என்று கேட்பது போலக் கேட்டார்.

மதார் சாகிப்பும் வெளியே பார்த்தார். "குவைத் விசாவுக்கு."

"அப்ப நான் சொல்லலாம்."

தெட்சிணாமூர்த்தி முன்சீட்டில் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காரைக்காலில் இறங்கி, அம்பகரத்தூர் பஸ் வந்ததும் டின்னோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து மதார் சாகிப் ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனார். மஹர் என்ற இடத்தில் எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். 'சைகோன் வெள்ளி பியாஸ்தர், ஐந்து' என்று எழுதச் சொன்னார் மதார் சாகிப். எழுத்தர் எழுதினார். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லி, 'புழங்காதவை' என்றும் சேர்க்கச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. அஜ்மீர். ஆஸியா பீவி ஸ்பீக்கரில் போட்டார்.

"வாப்பா, மஹர் பேசி முடிச்சாச்சா? எத்தனை பவுன்?"

"ஏன்டா, அவ்வளவு அவசரம்?"

"இல்ல வாப்பா, இங்க கம்பெனி ஒண்ணும் சரியில்ல. கனடாவுக்கு ஒரு ஏஜென்ட் சிக்கிருக்கான். நம்ம பசங்க ரெண்டு பேரு போயிருக்காங்க. நிக்காஹ் முடிஞ்ச வாரத்துலயே அந்த நகையை வச்சு மீதிப் பணத்தைக் கட்டிட்டா, ஆறு மாசத்துல நான் அங்க. அவட்ட நான் சொல்லிக்கிறேன், ஒண்ணும் சொல்ல மாட்டா. அவ பேங்க்லயே வச்சா வட்டிகூடக் கொறச்சுப் போடுவா."

மதார் சாகிப் மனைவியைப் பார்த்தார். ஆஸியா பீவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுன் வருவதற்கு முன்னாலேயே காரணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"மீதிப் பணம்னியே" என்றார் மதார் சாகிப். "அப்ப முன்பணம்?"

அஜ்மீர் குரலைத் தாழ்த்தினான்.

"குடுத்துட்டேன் வாப்பா. ரூம்மேட்டுட்ட கைமாத்து வாங்கி."

மதார் சாகிப் கத்தப் போனார். மகனைத் திட்டுவதற்கு எத்தனையோ வார்த்தைகள் வாய்வரை வந்தன. அதே வயதில், அதே மாதிரி, எட்டு வளையலுக்காக இதே கூடத்தில் தான் நைச்சியமாகப் பேசியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆஸியாவும் ஒன்றும் சொல்லவில்லை.

"நீ வா, பேசிக்கலாம்" என்று ஆஸியா பீவிதான் சொன்னார். "எப்ப வர்ற?"

"சனிக்கிழமை உம்மா."

போன் அணைந்தது. மதார் சாகிப் பெல்ட்டிலிருந்து பீரோ சாவியை வெடுக்கென்று கழற்றினார்.

"வா, கெளம்பு."

"எங்க? இப்பதான் வந்தீங்க."

"பட்டினத்துக்கு. சாவியை அந்தப் புள்ளைட்ட குடுத்துட்டு வந்துடுவோம்."

"நிக்காஹுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. மதியம் சாவின்னதும் முழி பிதுங்குச்சு உங்களுக்கு."

"அவன் சனிக்கிழமை வர்றான். வந்து பக்கத்துல உக்காந்து, வாப்பா வாப்பான்னு ரெண்டு தடவை சொன்னா நான் குடுத்துடுவேன் ஆஸியா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். என் பெல்ட்டுல இது இருக்கக் கூடாது."

ஆஸியா பீவி புர்காவை எடுத்தார். படி இறங்கும்போது அவருக்கு முட்டி வலிக்க, மதார் சாகிப் கையை நீட்டினார். அவர் பிடித்துக்கொண்டார்.

ஆட்டோ பாரதியார் வீதி முனை திரும்பும்போது மதார் சாகிப்பின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஜன்னத்துல் பிர்தௌஸிடமிருந்து.

'மாமா, உங்க மகன் இப்பதான் போன் பண்ணி, மஹர் நகையை அடகு வைக்கணும்னாங்க. நாளைக்குக் காலையில ஜமாஅத்துல என் நிக்காஹ் சம்மதப் பேப்பரைத் திருப்பி வாங்கலாமான்னு யோசிக்கிறேன்.'

மதார் சாகிப் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டிரைவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, கொஞ்சம் வேகமாப் போ."